பந்தக்கால் நட்ட பிறகு

பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது மணி பத்தரை. பேட்டையிலிருந்து சமாதானபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இந்த டவுன் பஸ் முக்கால் மணி நேரம் எடுக்கும், டவுனுக்குள் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம். ஆக, ஒரு மனுஷி எங்கே வைத்துச் சாக வேண்டும் என்று முடிவு செய்ய எனக்கு இந்த ஜன்னலோரச் சீட்டும், மடியில் இந்தக் கஞ்சி பிளாஸ்க்கும், இந்த ஒரு மணி நேரமும்தான். மேலேயா, வீட்டுக்கா. மேலே என்றால் மூன்றாம் மாடி, ஐ.சி.யு., தொண்டைக்குள் குழாய், மூச்சு விட மிஷின். அங்கே போட்டால் இருபது நாள் வரைகூட இழுக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்கிறார். வீடு என்றால் வலிக்கு மருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் நர்ஸ் வந்து பார்ப்பாள், நாலு நாளோ ஒரு வாரமோ, அதுவும் உறுதி சொல்ல முடியாது என்கிறார். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதைத் தவிர இவர்கள் எதைத்தான் உறுதியாகச் சொல்கிறார்கள். என் மகள் அகிலாவுக்குக் கல்யாணம் ஆவணி இருபத்தேழு. இன்று பதினொன்று. இன்னும் பதினாறு நாள். ஆவுடையக்கா எனக்கு ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அத்தான் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளை கிடையாது, ஆக அவள் போனால் கொள்ளி வைக்க வேண்டியவர் என் வீட்டுக்காரர், அதாவது கல்யாணப் பெண்ணின் அப்பா. கொள்ளி வைத்த ஈரம் காயாத கையால் பெண்ணைத் தாரை வார்க்க முடியாது. பதினாறு நாளுக்குள் அவள் போனால் கல்யாணம் நிற்கும். மேலே வைத்து இழுத்துப் பிடித்தால் நடக்கும். இவ்வளவுதான் விஷயம், இதைப் பச்சைப்பிள்ளையும் புரிந்துகொள்ளும், எனக்குத்தான் பேட்டை தாண்டுவதற்குள் நாலு தடவை நாலு விதமாகத் தோன்றுகிறது.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். டிக்கெட் கொடுக்கிற கை எதைப் பார்த்தாலும் எனக்கு அவள் ஞாபகம்தான் வரும். ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் லேடீஸ் கவுண்டரில் இருபத்தேழு வருஷம் டிக்கெட் கொடுத்தவள் ஆவுடையக்கா. அத்தான் அதே தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர். தீபாவளி ரிலீஸ் அன்றைக்கு அந்தக் கம்பிக் கூண்டு வரிசைக்குள் ஐநூறு பொம்பளைகள் நெரிவார்கள், ஒரு கை மட்டும் நுழைகிற பொந்துக்குள் ஒரே நேரத்தில் நாலு கை வரும். முகம் தெரியாது, வளையல்தான் தெரியும். "ஏட்டி பச்ச வளையலு, கைய எடு. செவப்பு வளையலு முன்னால வந்தா, அவளுக்குத்தான் மொதல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வரும், கூடவே மரஸ்கேல் அடியும் வரும். ஒருத்தி கோபத்தில் அவள் விரலைக் கடித்தே வைத்துவிட்டாள். அவளுக்கும் டிக்கெட் கொடுத்தாள், முறை அவளுடையதுதானே என்றாள். நான் கல்யாணமாகி வந்த புதிது, மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, இவர் என்னைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. பொந்துக்குள் கையை விட்டேன். ஹவுஸ்ஃபுல் என்றது குரல். இவர் குனிந்து, "மயினி, நாந்தான்" என்றார். "நீங்கதான்னு தெரியுதுல்லா, அதனாலதான் ஒரு தடவ சொன்னேன். மத்தவங்களுக்கு ரெண்டு தடவ சொல்லணும்" என்று பலகையைச் சாத்திவிட்டாள். வீடு வரும் வரைக்கும் அழுதேன். இந்த ராட்சசியோடு எப்படி ஒரே அடுப்பில் பொங்கப் போகிறேன் என்று. அவள் வேலை முடிந்து வந்து கைகால் கழுவி, எனக்கு முறுகலாகத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே படத்தின் கதை பூராவும் சொன்னாள், பாட்டு எங்கே, யார் செத்தது, யார் யாருக்குத் தங்கச்சி என்று. ஆரம்பம் மட்டும் சொல்லவில்லை. கேட்டேன். "ஆரம்பம் எனக்குத் தெரியாதுட்டி. கவுண்டரச் சாத்திட்டு நான் உள்ள போறதுக்குள்ள மொத சண்டை முடிஞ்சிரும்" என்றாள். இருபத்தேழு வருஷத்தில் ஒரு படத்தைக்கூட அவள் தொடக்கத்திலிருந்து பார்த்ததில்லை. தினமும் அத்தனை பேரையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசியில் போய்ச் சுவரோரம் நின்று பார்த்தவள். எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போய்விட்டது. ஓரகத்தி உறவு ஒட்டாது என்பார்கள், எனக்கு என் கூடப்பிறந்தவள்கூட இப்படி ஒட்டியதில்லை.

டவுன் ஆர்ச்சில் கூட்டம் ஏறியது. பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள், மடியில் ஒரு கட்டு வாழையிலை. என் மஞ்சள் பையை எட்டிப் பார்த்தாள். பிளாஸ்க்குக்கு அடியில் கல்யாணப் பத்திரிகை ரெண்டு கிடக்கிறது, எடுத்து வைக்க மறந்திருக்கிறேன். "கல்யாண வீடா?" என்றாள். "ஆமா, மகளுக்கு." "பந்தக்கால் ஊணியாச்சா?" "ஊணியாச்சு." "பெறகு எதுக்கு இப்படி வெளிய அலையுதிய? பந்தக்கால் ஊணுன பெறகு வீட்டு மனுஷங்க சாவு விழுந்த துட்டி வீடு, ஆஸ்பத்திரின்னு மிதிக்கக் கூடாது, கேட்டியளா. பாத்துப் போங்க." "சரிம்மா, பத்திரிகை வைக்கத்தான் போறேன்" என்று பொய் சொன்னேன். கூசாமல் வந்தது. ஆறு நாளாக ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் மிதிக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அவளைக் குறை சொல்லி என்ன, என் வாய்க்கு ஒரு மூடி இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதியே இல்லை. சம்பந்தியம்மா போன் பண்ணினாள், மூன்று நாளைக்கு முன்னால். தங்கமான பொம்பளைதான், குற்றம் சொல்லக்கூடாது. அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். நான் சொன்னேன், பந்தக்கால் நட்டாகிவிட்டது, நட்ட பிறகு தீட்டு அண்டாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்று. அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எங்க பக்கம் அப்படிக் கெடையாது மயினி. ஒண்ணும் ஆகாது, ஆகக் கூடாது. ஆனா ஒண்ணு ஆயிட்டுன்னா தீட்டு தீட்டுத்தான், தள்ளித்தான் வைக்கணும். அடுத்து பொரட்டாசி. ஐப்பசி கார்த்திகையில மாப்பிள்ளைக்கு லீவு கெடையாது. தையிலதான் பாக்கணும். அதுவரைக்கும் எல்லாரு மனசும் இப்படியே இருக்கணும்லா" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் என் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை நான் யாரிடம் சொல்லலாம். இவரிடம் சொல்லலாம், சாமியிடம் சொல்லலாம், சும்மா முழுங்கலாம். நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்து, அவளுக்குத் தலை சீவிக்கொண்டே அவளிடம் சொன்னேன். முப்பது வருஷப் பழக்கம். வீட்டில் பால் திரிந்தாலும் அவளிடம்தான் சொல்லுவேன், எனக்குக் காய்ச்சல் அடித்தாலும் அவளிடம்தான் சொல்லுவேன், அவள் சாகப்போவதால் எனக்கு வருகிற கஷ்டத்தையும் அவளிடமே சொல்லி அழுதிருக்கிறேன். இப்படியும் ஒரு மட்டி உண்டா உலகத்தில். "அப்படியா சொன்னா" என்றாள். தண்ணி கேட்டாள். குடித்தாள். சீப்பில் வந்த முடியை நான் சுருட்டிக்கொண்டிருந்தேன், நிறைய வந்தது.

நேற்றுக் காலையில் டாக்டர் வந்ததும் அவளே பேச்சை எடுத்தாள். "சார், என்னய மேல போட்டிருங்க. ஆவணி இருபத்தெட்டு வரைக்கும் மிஷின்ல ஓட்டுங்க, அதுக்குப் பெறகு கரண்டப் புடுங்கிருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டார் யோசித்து நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள் சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "மயினி மனசு யாருக்கு வரும். தெய்வம்லா அவுக" என்றார். நிஜமாகத்தான் அழுதார், அண்ணி என்றால் அவருக்கு அம்மாவுக்கும் மேல். முகத்தைக் கழுவிவிட்டு வந்து சமையல்காரருக்குப் போன் போட்டு, பாயசம் ஒன்று போதும், ரெண்டாவது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவருடைய தங்கச்சி சொன்னாள், ஆவுடையக்காவைப் போல ஒரு பிறவி இனி கிடையாது என்று. எதிர்வீட்டுக்காரியும் சொன்னாள். எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன், எல்லாரையும்விட நாலு வார்த்தை கூடுதலாகச் சொன்னேன். பொய்யில்லை, அவளைப் போல ஒருத்தி கிடையாதுதான், பத்து ஜென்மம் எடுத்தாலும் எனக்கு அவள் கால்தூசி வராது. ஆனால் இந்த ஈரடுக்குப் பாலத்தின் மேல் பஸ் நின்று நின்று ஏறும்போது ஒன்று தோன்றுகிறது, தோன்றியதும் போய்த் தொலைய மாட்டேன் என்கிறது. மெச்சிக்கொள்வதில் எங்களுக்கு எவ்வளவு சௌகரியம். அகிலா பிறந்தபோது எனக்குச் சீக்காகிப் படுத்த ஏழு மாசமும் குழந்தையைத் தியேட்டர் கவுண்டருக்குள் தொட்டில் கட்டி வளர்த்தாளே, அப்போதும் மயினி மனசு யாருக்கு வரும் என்றுதான் சொன்னோம். இவருக்கு வேலை போய் வீட்டில் இருந்தபோது, மாமியார் படுக்கையில் கிடக்க இவள் மூத்திரத் துணி அலசியபோது, எல்லாவற்றுக்கும் அதே வசனம். பெரிய மனசு என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் போதும், பிறகு அந்த மனசுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற வேலை மிச்சம். அவளே சொல்லிவிட்டாள், அவளே சொல்லிவிட்டாள் என்று நேற்றிலிருந்து வீடே ஜெபிக்கிறது. கையெழுத்து மட்டும் நான் போட வேண்டும்.

அந்த மூன்றாம் மாடியை நான் பார்த்திருக்கிறேன். முந்தாநாள் லிஃப்டில் பட்டனை மாற்றி அமுக்கிவிட்டேன். கதவு திறந்தால் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கட்டில்கள், சத்தமே இல்லை, மிஷின்கள் கொட்டாவி விடுகிற சத்தம் தவிர. ஒரு வயசான மனுஷர், குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று ரெண்டு மணிக்கட்டையும் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். விரல்கள் மட்டும் அசைந்தன. வெளியே அவருடைய மகனோ மருமகனோ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பார்க்க விடுகிற அந்த அஞ்சு நிமிஷத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். நான் லிஃப்டுக்குள்ளேயே நின்றுவிட்டுக் கீழே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை, அந்த ஒன்றையாவது சொல்லாமல் இருந்தேன். டாக்டர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, பிழைக்க வேண்டியவர்களுக்கு அது தேவைதான், கட்டித்தான் ஆக வேண்டும். இவள் பிழைக்கப் போவதில்லையே. பதினாறு நாள் இழுப்பதற்காக ஒருத்தியைக் கட்டிப்போடுவதா. அப்படிக் கட்ட மாட்டார்கள், மயக்கத்தில் வைத்திருப்பார்கள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று யார் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். இந்த இடத்தில் வந்து மனசு முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றுவிடுகிறது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இன்று காலை கிளம்பும்போது அகிலா கஞ்சியை ஆற்றி பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தாள். ரெண்டு நாளாக அவள் வாயே திறக்கவில்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயமாக இருக்கும், வயசு அப்படி, அந்தப் பையனோடு மணிக்கணக்கில் போனில் பேசுகிறவள் என்று நினைத்தேன். பிளாஸ்க்கை மூடிக்கொண்டே, "பெரியம்மாட்ட கேட்டியாம்மா?" என்றாள். "அவங்களேதான்ட்டி சொன்னாங்க." "சொன்னாங்க. நீ கேட்டியா? நான் போய்க் கேட்டா எங்கிட்ட பொய் சொல்லுவாங்க. நீதான் கேக்கணும்" என்றாள். செருப்பு மாட்டும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜங்ஷன் தாண்டிப் பாலம். ஆற்றில் தண்ணீர் பரவாயில்லாமல் போகிறது. யாரோ வேட்டியைக் காயப்போட்டிருக்கிறார்கள் பாறைமேல். ஆற்றைப் பார்த்ததும் ஆடிப்பெருக்கு ஞாபகம் வந்தது, அன்றைக்கு அக்கா குறுக்குத்துறைக் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையில் தனியாகக் கிளம்பியவள், மத்தியானம் கழிந்துதான் வந்தாள், விபூதி கேட்டதற்கு மறந்துவிட்டேன் என்றாள், கோயிலுக்குப் போய் விபூதியை மறக்கிறவளா அவள். இரு. இரு. நேற்று டாக்டர் மேசையில் ஃபைலைப் புரட்டும்போது அவளுடைய ஈரல் ஸ்கேன் தாளில் தேதி பார்த்தேனே. ஆகஸ்ட் மூன்று. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் மூன்றுதானே. கோயிலுக்குப் போகவில்லை. தனியாகப் போய் அந்த ஸ்கேன் மிஷினுக்குள் படுத்து எழுந்து வந்திருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம்தான், ஆமாம் அன்றைக்கேதான், காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டு, "பந்தக்கால ஆவணி நாலுல ஊணிருவோம்ட்டி, நல்ல முகூர்த்தம்" என்றாள். கல்யாணம் இருபத்தேழு, யாராவது இருபத்திமூன்று நாளைக்கு முன்னால் பந்தக்கால் நடுவார்களா, மூன்று நாள், மிஞ்சினால் அஞ்சு நாள். "மாவிலை சருகாப் போயிரும்க்கா" என்றேன். "சருகானா மாத்திக் கெட்டு. பந்தக்கால் ஊணிட்டா எமனே வந்தாலும் வாசல்ல நின்னுட்டுத்தான் போகணும்" என்று சிரித்தாள். நான் கல்யாண அவசரம் என்று நினைத்தேன். நாங்கள் எல்லோரும் கேலி பண்ணினோம், கல்யாணப் பொண்ணைவிடப் பெரியம்மாவுக்குத்தான் பறக்கிறது என்று. நாலாம் தேதி ஒன்பது சுமங்கலிகள் கம்புக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றி நட்டு முடிக்கிற வரைக்கும், தாலி இல்லாத கை படக்கூடாது என்று அவளே ரெண்டடி தள்ளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. முதுகுவலி என்றாள். அஞ்சாம் தேதி காலையில் எழுந்திருக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்படியானால் அந்தப் பதினேழு நாளும் வலியை முழுங்கிக்கொண்டு, முறுக்குக்கு மாவு திரித்துக்கொண்டு, ஜாக்கெட் அளவு சரிபார்த்துக்கொண்டு, என்னோடு உட்கார்ந்து பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டு. அடிப்பாவி. நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வாழையிலைக்காரி திரும்பிப் பார்த்தாள். தன் சாவு இந்தக் கல்யாணத்தைத் தொட்டுவிடக் கூடாதென்று ஒரு கம்பை நட்டு வேலி போட்டாள். அந்த வேலியை மூன்று நாளைக்கு முன்னால் தலை சீவிக்கொண்டே நான் பிடுங்கிப் போட்டேன். அதற்குப் பிறகுதான் மேலே போட்டுவிடுங்கள் என்றாள்.

கொக்கிரகுளம். முருகன்குறிச்சி. என் மனசில் இருக்கிற அழுக்கையும் சொல்லிவிடுகிறேன், பஸ்சில் யாருக்கும் கேட்காது. நேற்று அவள் அதைச் சொன்ன நிமிஷம் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. ஒரு நொடிதான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையவில்லை என்கிற நிம்மதி. அப்புறம்தான் அழுதேன், நிறைய அழுதேன், அந்த ஒரு நொடிக்கும் சேர்த்து. தை மாதம் வரைக்கும் அந்தப் பையனுடைய மனசும் அவன் அம்மா மனசும் இப்படியே இருக்குமா என்றுதான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ராசியில்லாத பெண் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும். அகிலாவுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. ஆனால் ஒன்று, ஆவுடையக்கா பயப்பட மாட்டாள், அவள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. பாம்பு வந்தபோது கவுண்டர் ஸ்கேலாலேயே அடித்தவள். அத்தான் செத்த வீட்டில் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாச்சா என்று கேட்டவள். அவள் மேலேயும் சமாளித்துவிடுவாள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். பார்த்தாயா வடிவு என்று என்னையே கேட்கிறேன், மறுபடியும் மெச்ச ஆரம்பித்துவிட்டாய். மெச்சியே அவளை மாடியேற்றிவிடுவாய். சமாதானபுரம் எல்லாம் இறங்கு என்றார் கண்டக்டர். மணி பதினொன்று முப்பத்தைந்து.

அக்கா முழித்துத்தான் கிடந்தாள். கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு மட்டும் பானை போல, கைகால் குச்சி. என்னைப் பார்த்ததும், "கஞ்சியில உப்புப் போட்டியா, நேத்து மாதிரி பச்சத் தண்ணியாட்டம் கொண்டாந்தியா?" என்றாள். போட்டிருக்கிறேன் என்று ரெண்டு ஸ்பூன் கொடுத்தேன். மூன்றாவதுக்கு வாயை மூடிக்கொண்டாள்.

"டாக்டர்ட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அதான் சொல்லிட்டம்லா. திரும்பத் திரும்ப என்ன?"

"ஆடிப்பெருக்கு அன்னைக்கு எங்க போனிய?"

அவள் கண்ணைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். திருட்டு முழி. இருபத்தேழு வருஷம் ஒரு டிக்கெட் ஒளித்து வைக்காதவளுக்கு ஒளிக்கத் தெரியவில்லை. நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கேட்டேவிட்டேன். "யக்கா, கல்யாணத்த ஒரு நிமிஷம் விடுங்க. அகிலா இல்ல, சம்பந்தியம்மா இல்ல, நானும் இல்லன்னு வச்சுக்கிடுங்க. ஒங்களுக்கு எங்க இருக்கணும்னு இருக்கு? ஹவுஸ்ஃபுல்னா ஹவுஸ்ஃபுல்னு சொல்லுவியள்லா, அப்படிச் சொல்லுங்க."

அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குட்டி."

முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மேல போனா கண்ணத் தொறந்தா தெரிஞ்ச மொகம் ஒண்ணும் இருக்காது. நேத்து ராத்திரி பூரா அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். நம்ம வீட்டுலன்னா நீ திட்டுத சத்தமாவது கேக்கும். பிள்ள கல்யாணம்ட்டி. அதான் சொன்னேன். எனக்கு எப்படிச் சொல்லணும்னு தெரியல." பிறகு அழுதாள். சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி, மூக்கு ஒழுக ஒழுக. நான் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தேன். பெரிய மனசு, தெய்வம், ராட்சசி எல்லாம் போய், பயந்துபோன ஒரு பொம்பளை, என்னைவிட ஒன்பது வயசு மூத்தவள், அங்கே கிடந்தாள். அவள்மேல் எனக்கு அதற்கு முன்னால் எவ்வளவு மரியாதை இருந்ததோ அதைவிட அந்த நிமிஷம் கூடித்தான் போனது. இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டா மேலே போடச் சொன்னாய்.

டாக்டர் வந்தார். பன்னிரண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருந்தது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம் சார்" என்றேன். "கல்யாணம் வச்சிருக்கோம்னு சொன்னீங்களே?" என்றார். "ஆமா சார். தையில வச்சிருக்கோம்" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். வராண்டாவுக்குப் போகாமல் அவள் பக்கத்திலேயே நின்று இவருக்குப் போன் போட்டேன். "மயினிய வீட்டுக்குக் கூட்டிட்டு வாறேன். முன் ரூம்ல கெடக்க சீர்ப் பாத்திரமெல்லாம் எடுத்துட்டுக் கட்டிலப் போடுங்க. சம்பந்தியம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்." கத்துவார், கத்தட்டும், பதில் வைத்திருந்தேன். பின்னால் அகிலாவின் குரல் என்னவோ கேட்டது, இவர் அதற்கு என்னவோ சொன்னார். பிறகு என்னிடம், "கட்டில எந்தப் பக்கமாப் போட?" என்றார்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் கேட்டேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "வாசலப் பாத்துப் போடச் சொல்லு, பந்தக்கால் தெரியணும்" என்றாள்.